சென்சார் சகுனம்

"ஐயோ, டேஷ்போர்டுல மறுபடியும் அந்த மஞ்சள் லைட்டு!"

ஜெயக்குமார் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். திருக்கழுக்குன்றத்தில் பூ வாங்கிவிட்டுக் கிளம்பியதும் பூக்கடை எதிரிலேயே கார் முனகியது. எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம்தான்.

முந்தாநாளும் இப்படித்தான். நேற்றும் இப்படித்தான். இரண்டு நாளும் செங்கல்பட்டு ஒர்க் ஷாப்பிலிருந்து பூபாலன் என்ற மெக்கானிக் வந்து, "சென்சார் லூசு சார்" என்று எதையோ அழுத்திவிட்டுப் போனார். வண்டி சரியாகிவிட்டது. ஆனால் பெண் பார்க்கப் போகும் வழியில் வண்டி நின்றால் அப்படியே திரும்பிவிட வேண்டும் என்று அம்மா சரோஜா அடம் பிடித்துவிட்டாள்.

இப்போது அவள் மடியில் பூவும் பழமும் வைத்த கூடையோடு சட்டமாக உட்கார்ந்திருந்தாள்.

"மூணு தடவை கிளம்பி மூணு தடவையும் நின்னா என்னா அர்த்தம்?"

"சென்சார் ரிப்பேர்னு அர்த்தம்மா."

"சகுனம் சரியில்லன்னு அர்த்தம். இந்தச் சம்பந்தம் வேணாம் லா. நாளைக்கு ஃபிளைட் ஏறிக் கிள்ளான் போய்ச் சேருவோம். மலேசியாவுல பொண்ணா இல்ல?"

மலேசியாவில் ஆயிரம் பெண்கள் இருக்கலாம். அவனுக்கு வேண்டியது படாளத்துக் காயத்ரி ஒருத்திதான். தரகர் நம்பர் கொடுத்ததிலிருந்து தினமும் வீடியோவில் பேசி, அவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

அதில் ஒரு சிக்கல். காயத்ரி கார் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாக அம்மாவிடம் அளந்துவிட்டிருந்தான். உண்மையில் அவள் மெக்கானிக். அதுவும் இதே செங்கல்பட்டு ஒர்க் ஷாப்பில். கிரீஸ் கையோடு ஒரு மருமகளா என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டால்?

முதல் இரண்டு நாளும் காயத்ரி லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்ததால் தப்பித்தான். இன்று பெண் பார்ப்பது சாயந்தரம். அம்மாதான் மலைக்கோயிலைப் பார்த்துவிட்டு மெதுவாகப் போகலாம் என்று காலையிலேயே கிளப்பிவிட்டாள். காயத்ரி மத்தியானம் வரை டியூட்டியில் இருப்பாள்.

பூபாலனே வரட்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு போன் செய்தான்.

அரை மணி நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நீல நிற யூனிஃபார்ம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஜெயக்குமார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காயத்ரியும் ஒரு நொடி திகைத்தாள். பிறகு யாரோ மூன்றாம் மனிதரிடம் கேட்பதைப் போலக் கேட்டாள்.

"இன்னா சார் பிரச்சன?"

"லைட்டு... எரியுதுங்க."

தரகர் கொடுத்த போட்டோவில் பவுடரும் நகையுமாக வேறு யாரோ போலிருப்பாள். அம்மாவுக்கு அடையாளம் தெரியாது என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெம்பு.

அவள் பானெட்டைத் திறந்தாள். அம்மா சும்மா இருப்பாளா? இறங்கி வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ஏம்மா, பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை கஷ்டமா இல்லியா?"

"இடுப்புதான் நோவும்மா. மத்தபடி நல்லாத்தான் கீது."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?"

"மொதல்ல கத்துனாங்க. அப்புறம் வுட்டுட்டாங்க."

"சரி, கட்டிக்கப் போறவன் வீட்டுல வேலையை விடச் சொன்னா?"

காயத்ரி நிமிரவில்லை. ஏதோ ஒரு ஒயரை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வேற பொண்ணப் பாத்துக்கட்டும்மா. நான் வுடமாட்டேன்."

முடிந்தது கதை என்று நினைத்தான் ஜெயக்குமார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போனாள்.

"சார், இங்க வாங்க" என்றாள் காயத்ரி. அவன் குனிந்ததும் அவள் குரல் தாழ்ந்தது. ஆனால் அதில் சூடு இருந்தது.

"சென்சார் நல்லாத்தான் கீது. க்ளிப்பும் ஒடையல. யாரோ கையால அமுக்கிக் கழட்டிக்கீறாங்க."

"யாரு?"

"என்னியா கேக்கற? என்னப் புடிக்கலன்னா போன்லயே சொல்ல வேண்டியதுதான? மூணு நாளா ஒயரப் புடுங்கி உட்டுகினு எதுக்கு இந்த நாடகம்? ரெண்டு நாளு பொடவையக் கட்டிகினு வாசலப் பாத்துகினு இருந்தேன், தெரியுமா?"

அவள் கண் கலங்கிவிட்டது.

"சத்தியமா நான் இல்ல காயத்ரி! எனக்குப் பானெட் திறக்கவே தெரியாது!"

"நடிக்காத. நாளைக்கு ஃபிளைட்டப் புடிச்சிப் போய்க்கினே இரு."

"அவனைத் திட்டாதே காயத்ரி."

இருவரும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்கள். சரோஜா பின்னாலேயே நின்றிருந்தாள்.

"நீ என்ன வேலை பார்க்கிறேன்னு தரகர் போட்டோ கொடுத்தன்னைக்கே சொல்லிட்டார். இவனுக்குத் தெரியாது, இவன் பொறக்குறதுக்கு முன்ன இவங்கப்பா கார் பட்டறையில பாதி வேலை நான்தான் பார்த்தேன். நம்மளை மாதிரியே ஒருத்தி வர்றாளேன்னு இருந்துச்சு. ஆனா சீவி சிங்காரிச்சு காபித் தட்டோட வந்து நிக்கிறப்ப ஒரு பொண்ணைப் பத்தி என்னாத்தத் தெரிஞ்சிக்க முடியும்? வேலையில பார்க்கணும். பிடிக்கலன்னா சகுனத்து மேல பழியைப் போட்டுட்டுக் கிளம்பிடலாம்னு இருந்தேன்."

கூடையிலிருந்த பூவை எடுத்துக் காயத்ரியின் தலையில் வைத்துவிட்டாள்.

"இவன் பூ வாங்க இறங்குறப்பல்லாம் அந்த ஒயரைக் கழட்டினது நான்தான் லா. நீ ரெண்டு நாளும் லீவு போட்டுட்டு உட்கார்ந்திருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"