எதிர் நிறம்

இந்தக் காலத்துப் பயல்களுக்குக் கண் எதற்கு இருக்கிறதென்றே தெரியவில்லை, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர்ப் பெட்டியைக் கேட்டுத்தான் சொல்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே, ஓபுலேசு அவன் மணிக்கட்டை மேசையோடு சேர்த்து அமுக்கினார். இன்னொரு கையில் அரிவாள்.

விரல்கள் ஐந்தும் தானாக விரிந்துகொண்டன.

அவன் பெயர் பிரணீத். ஐதராபாத்தில் வெப்சைட் செய்கிறவன். மூக்கில் விழுந்த குத்தில் வழிந்த ரத்தம், சட்டைக் காலரில் சேறு பட்டதுபோல் அப்பியிருந்தது.

எதிர் நாற்காலியில் கொண்டய்யா. கல் குவாரி அவருடையது, வெளியே வரிசையாக நிற்கும் லாரிகள் அவருடையவை, ஓபுலேசின் அரிவாளும் அவருடையதுதான்.

குவாரிக்கு வெப்சைட் வேண்டும் என்று சொல்லி ஒரு போட்டோவைக் கொடுத்திருந்தார் கொண்டய்யா. செத்துப்போன தம்பி மத்திலேட்டி தன் ஜீப்பில் சாய்ந்து நிற்கிற போட்டோ. அந்த ஜீப்பின் சிவப்புதான் இந்த வீட்டின் நிறம். கேட், லாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதுதான்.

இன்றைக்குப் பிரணீத் லேப்டாப்பைக் கொண்டுவந்து திறந்து காட்டினான். மேலே தம்பியும் ஜீப்பும். கீழே பட்டை பட்டையாகப் பச்சை.

பகையாளி எல்லப்பா வீட்டுப் பச்சை.

அந்தப் பச்சைக்காகவே கொண்டய்யா வீட்டு விசேஷத்தில் வாழையிலை போடுவதில்லை, தட்டில்தான் சோறு. கல்யாணத்துக்குப் பச்சைப் புடவையில் வந்த சம்பந்தியம்மாவையே வாசலில் நிறுத்தி மாற்றிக்கொண்டு வரச் சொன்ன வீடு இது.

"ஐயோ, பச்ச!" என்று முதலில் கத்தியது டிரைவர் நாகன்னா. அதற்குப் பிறகுதான் ஓபுலேசு அரிவாளை எடுத்தார்.

"எல்லப்பன் எவ்ளோடா குடுத்தான்?" என்றார் கொண்டய்யா.

"யாரும் குடுக்கல சார்! நான் வைக்கல, அந்த டூல் வச்சுது. போட்டோவப் போட்டா அதுலேர்ந்து ஒரு நிறத்த எடுக்கும். அதுக்கு நேர் எதிரா எந்த நிறம் இருக்கோ, அதையே ஜோடியாக் குடுக்கும். எதிர் நிறம் பக்கத்துல இருந்தாத்தான் எடுப்பாத் தெரியும் சார்!"

"கேட்டியா அன்னா, பகையாளியையே ஜோடி சேத்துட்டான்" என்று சிரித்தான் நாகன்னா. "அவங்க வீட்டுல பொண்ணும் எடுத்துருவோமா?"

கொண்டய்யா சிரிக்கவில்லை. கண்ணைக் காட்டினார்.

அரிவாள் இறங்கியது. சுண்டுவிரலின் நுனி தெறித்து, யாரும் தொடாத பொரி உப்புமாத் தட்டில் விழுந்தது.

அலறல் ஓய்வதற்குள்ளேயே பிரணீத்தின் இன்னொரு கை லேப்டாப்பைத் தேடியது. "மாத்திடுறேன் சார், இப்பவே மாத்திடுறேன்!" அவசரத்தில் எதையோ அழுத்தினான்.



கொண்டய்யா நாற்காலியிலிருந்து எழுந்தார். "என்னடா இது? தம்பி ஜீப்பும் எல்லப்பன் பச்சையும் ஒண்ணாயிடுச்சே!"

"தப்பான பட்டன் சார்... செல பேருக்குப் பொறவியிலேயே செவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது. அவங்க கண்ணுக்கு நம்ம வெப்சைட் எப்படித் தெரியும்னு காட்டுற பட்டன். இதோ, எடுத்துட்டேன்."

"ஆ, வந்துடுச்சு" என்றான் நாகன்னா. சின்னப் பிள்ளை போல அவனே கையை நீட்டி அமுக்கினான். "போயிடுச்சு!" மறுபடி அமுக்கினான். "வந்துடுச்சு! இப்படியும் மனுசங்க இருக்காங்களா அன்னா?"

ஓபுலேசு குனிந்து பார்த்தார்.

நாகன்னா அமுக்கினான். பார்த்தார். திரும்ப அமுக்கினான். பார்த்தார்.

என்னடா மாறுது என்று கேட்க வாயெடுத்தவர், கேட்கவில்லை.

எல்லப்பாவை முடிக்கப் போன அன்றைக்கு நல்ல வெயில். மலைப்பாதை வளைவில், எல்லப்பாவின் பச்சை ஜீப் வரும் என்று சொல்லித்தான் பாறை மேல் அவரை உட்கார வைத்தார்கள். ஜீப் வந்தது. குண்டை எறிந்தார். அது தீப்பிடித்துப் பள்ளத்தில் உருண்டதும், திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்து, "பச்ச முடிஞ்சுது அன்னா" என்று கொண்டய்யாவின் காலடியில் உட்கார்ந்தார்.

விடிந்து பார்த்தால் எல்லப்பா உயிரோடு இருந்தான். பள்ளத்தில் ஜீப்போடு கரிந்து கிடந்தது மத்திலேட்டி.

எல்லப்பாவின் ஆட்கள் எரிந்த தங்கள் ஜீப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டு, அதே வளைவில் தம்பியை மடக்கிக் கொளுத்திவிட்டார்கள் என்று ஊரே பேசியது. ஓபுலேசும் அதைத்தான் நம்பினார். அதற்காக எல்லப்பாவின் பிள்ளைகள் இருவரையும் வெட்டியது இதே அரிவாள்.

"என்ன பாத்துட்டு நிக்குற ஓபுலேசு? மிச்சத்தையும் வெட்டு" என்றார் கொண்டய்யா.

மணிக்கட்டின் மேலிருந்த பிடி தளர்ந்தது. பிரணீத் கையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

ஓபுலேசு அரிவாளை மேசையில் வைத்தார். அதன் முனை லேப்டாப்பைப் பார்த்தபடி கிடந்தது.

"பெட்டி பொய் சொல்லுது அன்னா" என்றார்.

"மாமா, எங்க போறே?" என்று நாகன்னா கூப்பிட்டான். அவர் நிற்கவில்லை.

லாரிகளைத் தாண்டி நடந்தார். கேட்டைத் தாண்டினார். சாலைக்கு இந்தப் பக்கம் கொண்டய்யாவின் தண்ணீர்த் தொட்டி, அந்தப் பக்கம் எல்லப்பாவின் தொட்டி உயர்ந்து நின்றன. இரண்டையும் நிமிர்ந்து பார்க்காமல், தன் கால்களையே பார்த்தபடி போனார்.

"பச்ச ஜீப்புதான் அது" என்றார், பக்கத்தில் யாரும் இல்லாதபோது.