கைமாறிய ஐபோன்

"பவானி முழுகாம இருக்காளாம். எனக்கு யாரு சொன்னா தெரியுமா? கீழ் வூட்டு ஜான்சி."

சத்யப்பிரியா மாவு டப்பாவை மேடையில் வைத்த சத்தத்தில், தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த இளவரசு நிமிர்ந்தான்.

"எனக்கே காலையிலதான் தெரியும். அம்மா உனக்கும் சொல்லணும்னுதான் இருந்திருப்பாங்க."

"உங்க தம்பி பொண்டாட்டி கயல்விழிக்கு நேத்தே தெரியும். ஸ்கூல் கேட்டுல நின்னு ஜான்சிகிட்ட சொல்லியிருக்கா. ஜான்சி வந்து வாழ்த்துங்கறா, நான் எதுக்குன்னு கேக்கறேன். நான் இந்த வூட்டு மூத்த மருமவதான? நாத்தனா சேதி எனக்கு ஊரு சொல்லித் தெரியணுமா?"

மாமியார் மலர்க்கொடி சிதம்பரத்தில் தனியாக இருந்தாள். சிங்கப்பூரில் இருக்கும் மகள் பவானி அனுப்பிய ஐபோன் அவளுடையது. அதிலிருந்து இன்னொரு ஐபோனுக்கு நேராகப் போகும் வீடியோ கால் ஒன்றுதான் அவளுக்குப் பிடித்தது. எவனோ போலீஸ் உடுப்பில் வாட்ஸ்அப்பில் வந்து மிரட்டியதிலிருந்து, அதைப் போனிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டாள். கடலூரில் இருக்கும் இரண்டு மருமகள்களில் கயல்விழியிடம் ஐபோன். சத்யாவிடம் ஆண்ட்ராய்டு.

"அவகூட தினமும் வீடியோவுல கொஞ்சறாங்க. எனக்கு சாதா போன்ல வந்து, 'இளவரசு இருக்கானா'ன்னு கேட்டு வெச்சிடறாங்க."

"அம்மாவ வேற போனுக்கு மாறச் சொல்லவா?"

"மாறுவாங்களா? பொண்ணு அனுப்பினதுன்னு கோயிலுக்குப் போனாக்கூட நாலு பேர் கண்ணுல படற மாதிரி கையிலயே வெச்சிருக்காங்க. நான்தான் மாறணும்."

"உனக்கு இதுதான பழகிப்போச்சு. சார்ஜரு வூடு பூரா கெடக்குது..."

"வயித்தெரிச்சல்ல இருக்கறவகிட்ட வந்து சார்ஜர் கத பேசாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை கயல்விழி மஞ்சக்குப்பத்தில் இருந்த சத்யாவின் வீட்டுக்கு வந்தாள். பக்கோடாத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்த சத்யாவின் கண், அவள் மடியில் கிடந்த போனை விட்டு நகரவில்லை.

"உனக்கென்னம்மா. உன் மொகத்தப் பாக்கலைன்னா அத்தைக்குப் பொழுதே விடியாது. நாங்கள்லாம் பொங்கலுக்குப் பொங்கல் மொகம் காட்டறவங்க."

கயல்விழி ஒரு பக்கோடாவை எடுத்துக் கடித்தாள்.

"அந்தப் போன நீயும் உயிர் போனாலும் உட மாட்ட, இல்ல?"

"காலேஜ்லேருந்து இதேதான்க்கா. கைக்குப் பழகிடுச்சு." இன்னொரு பக்கோடாவை எடுத்தாள். பிறகு கேட்டாள். "உங்களுக்கு வேணுமாக்கா?"

"வெளயாடாத."

"நெசமாத்தான். உங்களுத எனக்குக் குடுங்க. மாத்திக்கலாம்."

"அப்புறம் அத்தை உன்கூட எப்பிடிப் பேசுவாங்க?"

"நீங்கதான மூத்தவங்க. உங்ககூடப் பேசறதுதான மொற?"

"நாளைக்கே மனசு மாறிட்டா?"

"மாற மாட்டேன்க்கா. சேஃப்டி பின் இருக்கா? சிம்ம எடுத்துடலாம்."

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கயல்விழி தன் கணக்கை எடுத்துவிட்டு, சத்யாவுக்குப் புதுக்கணக்கு திறந்து கொடுத்து, சிதம்பரத்துக்கும் பேசிச் சொல்லிவிட்டாள். அவள் ஆட்டோ ஏறும்போது சத்யா ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்தனுப்பினாள். வாய் விட்டுச் சொல்லவில்லை. பாவம், வெகுளிப் பெண் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் நின்றபடிதான் சத்யா அத்தையின் வீடியோ காலை எடுத்தாள்.

"சத்யாவா? கயலு சொன்னா. பவானிகிட்ட பேசிட்டியா?"

"பேசிட்டேன் அத்தை."

"இனிமே எதுவா இருந்தாலும் உன்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன். நீதான மூத்தவ."

சத்யா சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள். இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்.

"சரி, போனத் திருப்பு. அடுப்பக் காட்டு."

"அத்தை?"

"அடுப்ப, அடுப்ப. அது என்னா, நேத்து கொழம்பா? மூடியத் தெற. என் புள்ளைக்கு இதையா ஊத்தற? சிங்க்கக் காட்டு. ராத்திரி பாத்திரமா அது? ஃபிரிட்ஜத் தெற. கீழ. இன்னும் கீழ. அந்தக் கத்திரிக்கா எப்ப வாங்கினது?"

"அத்தை, இட்லி வெக்கணும், அப்புறமா..."

"வெய்யி. யாரு வேணாங்கறா? போன அந்த உப்பு ஜாடி மேல சாத்தி வெச்சிட்டு வேலையப் பாரு. நான் பாட்டுக்குப் பாத்துட்டு இருக்கேன். கயலு அப்பிடித்தான் வெப்பா."

இட்லி வெந்தது. சட்னி அரைபட்டது, தண்ணீர் ஜாஸ்தி என்று தீர்ப்பும் வந்தது. இளவரசு சாப்பிட்டு ஆபீஸ் போனான். மதியச் சோறு வடித்து முடித்தபோதுதான், நல்ல வேளையாக சிதம்பரத்துப் போனில் சார்ஜ் தீரும் நேரம் வந்தது.

"சாயங்காலம் வரேன். அலமாரியத் தொறந்து வெய்யி" என்றது உப்பு ஜாடி மேலிருந்த முகம்.

சத்யா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கயல்விழியைக் கூப்பிட்டாள்.

"கயலு, தினமும் இப்பிடித்தானா?"

"ரெண்டு வேளையும்க்கா." மறுமுனையில் எங்கோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கயல்விழி முறுக்கைக் கடிக்கும் சத்தம் நன்றாகவே கேட்டது. "நானாப் போன மாத்தினா அத்தை ஏன்னு கேப்பாங்க. நீங்க ஆசப்பட்டீங்கன்னு சொன்னதும் ஒண்ணும் சொல்லல. கல்யாணம் ஆனதுலேருந்து உங்க கையில இந்த ஆண்ட்ராய்டப் பாக்கறப்பல்லாம் எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சலா இருக்கும் தெரியுமாக்கா?"