ஜோடி முகம் பார்க்கக் கூடாது

“எனக்கு டி.பி.ன்னு டாக்டர் சொல்லிட்டார். சீட்டை இறக்குங்க சார், பல்லாவரம் வந்துடுச்சு.”

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் தேவானந்தம் இதைச் சொன்னார். தட்சிணாமூர்த்தியின் கையிலிருந்த சீட்டு இறங்கவே இல்லை.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் காலை மின்சார ரயிலில், முழங்கால்களின் மேல் துண்டை விரித்துச் சீட்டு ஆடுகிற நாலு பேர் அவர்கள். காசு கிடையாது, ஆசைதான். தட்சிணாமூர்த்தியும் தேவானந்தமும் ஒரு ஜோடி. எதிர் ஜோடியில் தபால் ஆபீஸ் சம்பத்தும், ராஜகீழ்ப்பாக்கத்துக் கத்தரிக்காயைக் கொத்தவால்சாவடியில் விற்கிற முனிரத்தினமும்.

ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. கண்ஜாடை காட்டிவிடலாம் அல்லவா? ஆகவே இத்தனை வருஷத்தில் தேவானந்தத்தின் சட்டைப் பொத்தான்கள்தான் தட்சிணாமூர்த்திக்கு நன்றாகத் தெரியும். எதிராளிகள் முகம் மனப்பாடம். அவர்கள் கவிழ்த்து வைத்த துருப்பு எது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தன்னை ஏமாற்ற ஓர் ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பார். யாரும் மறுத்ததில்லை.

“எதிரும் புதிருமா உட்கார்றவங்க எல்லாரும் எக்ஸ்ரே எடுக்கணுமாம்” என்றார் தேவானந்தம்.

“எடுத்துட்டாப் போச்சு” என்றார் சம்பத். “இன்னா இப்போ, நானும் வரேன்” என்றார் முனிரத்தினம்.

“நான் டாக்டர் வாசலை மிதிக்கிறதில்லை” என்றார் தட்சிணாமூர்த்தி. ஆஸ்பத்திரிக்கு நடந்து போன அண்ணனை நாலு பேர் தூக்கி வந்த நாளிலிருந்து அது அவருடைய சபதம். சொல்லி முடித்ததும் இருமினார். “மூக்குப்பொடி” என்று காரணமும் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

“அப்ப நானும் போகலை சார். தனியாப் போக பயமா இருக்கு. நடக்கிறது நடக்கட்டும்” என்றார் தேவானந்தம்.

மீனம்பாக்கம் தாண்டும்போது தட்சிணாமூர்த்தி, தேவானந்தம் இல்லாத துண்டை நினைத்துப் பார்த்தார். கையிலிருந்த சீட்டைத் துண்டில் இறக்கினார்.

“சனிக்கிழமை போலாம்” என்றார்.

குரோம்பேட்டையில் டாக்டர் சவுரிமுத்து நாலு பேரையும் படம் எடுத்தார். மறுவாரம் தேவானந்தத்துக்கு ஊசி, மாத்திரை என்றார். முழங்கால் இடிக்க உட்காருவதால் தட்சிணாமூர்த்தியும் அதையே தடுப்புக்காகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

“அவங்க ரெண்டு பேர்?”

“அவங்க பக்கம் காத்து வேற மாதிரி அடிக்குது” என்றார் டாக்டர், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

விஞ்ஞானத்தோடு வாதாட தட்சிணாமூர்த்திக்குப் பிடிக்காது. ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு ஆட்டத்தின் நடைமுறையே மாறிப்போனது. தேவானந்தத்துக்குப் பொடி நெடி ஆகாது என்பதால் பொடி டப்பா ரயிலிலிருந்து வெளியே பறந்தது. ஜன்னலோர இடத்தைத் தட்சிணாமூர்த்திக்கே விட்டுவிட்டார்கள். முனிரத்தினம் தினம் அவித்த முட்டையும் பாலும் கொண்டுவந்தார். துணைக்கு ஒருத்தர் சாப்பிட்டால்தான் தனக்குத் தொண்டையில் இறங்கும் என்று தேவானந்தம் அடம்பிடித்தார். நண்பனுக்காகத் தட்சிணாமூர்த்தி அதையும் விழுங்கினார்.

ஊசி போடும் நாள்தான் பெரும்பாடு. திரைக்குப் பின்னால் முதலில் போகிற தேவானந்தம், “ஐயோ, யேசுவே!” என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துவார். அடுத்துப் போகிற தட்சிணாமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் குத்திக்கொண்டு வருவார்.

“உங்களைப் பார்த்துத்தான் சார் எனக்குத் தைரியமே வருது” என்பார் தேவானந்தம், கண்ணைத் துடைத்தபடி.

மாதங்கள் போகப்போகத் தேவானந்தம் பெருத்துக்கொண்டே வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று ஆட்டத்தின் நடுவே தெறித்துத் துண்டில் விழுந்தது. அது நோயின் வீக்கம் என்று தட்சிணாமூர்த்தி கலங்கிப்போனார். வீட்டுக்கு வந்து மனைவி சாமுண்டீஸ்வரியிடம், “என் ஜோடி எனக்கு நிலைக்க மாட்டான்டி” என்று வாய்விட்டு அழுதார். அவளும் அழுதாள். மறுநாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். யாருக்கும் தெரியாமல் சர்ச்சில் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றினார். பொடியை விட்டதில் அவருடைய இருமல் நின்றுபோனது. அதைக் கவனிக்க அவருக்கு ஏது நேரம்?

வருஷம் திரும்பியது. மறுபடி எல்லோரும் டாக்டர் முன்னால் நின்றார்கள். அவர் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சம்பத்தின் உதடு முணுமுணுத்தது. முனிரத்தினம் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு புள்ளி இல்லை. பூரண குணம்!”

“பிழைச்சுட்டீங்கய்யா!” தட்சிணாமூர்த்தி பாய்ந்து தேவானந்தத்தைக் கட்டிக்கொண்டார். இரண்டு கையும் போதவில்லை.

டாக்டர் எழுந்து வந்தார். தட்சிணாமூர்த்தியின் ஒரு கையைப் பிரித்து எடுத்துக் குலுக்கினார்.

“நான் சொன்னது உங்களைத்தான் சார். அவருக்கு ஒரு ஜலதோஷம்கூட இருந்ததில்லை.”

விதியை மறந்து, தட்சிணாமூர்த்தி முதல் தடவையாகத் தன் ஜோடியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“தலகாணி உறையில ரத்தத்தைப் பார்த்துட்டு உங்க வீட்டம்மா எங்ககிட்டதான் ஓடி வந்தாங்க சார்” என்றார் தேவானந்தம். “உங்களுக்காக நீங்க டாக்டர்கிட்ட வர மாட்டீங்க, எனக்காக வருவீங்கன்னு தெரியும்.”