குளிருக்கு ஒரு துணை

இன்றைக்கு இவர் கேட்டேவிடுவார். கேட்டால் உடனே சரி சொல்லக் கூடாது, கொஞ்சம் பிகு பண்ண வேண்டும்.

பலெர்மோ நகரின் பல்லரோ சந்தையில் வாங்கிய மீனை அவள் வீட்டு மேசையில் வைத்துவிட்டு, மேல்மாடி வீட்டுக் குலசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அம்பிகை..."

முதல்முறையாகப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"நானும் தனி, நீங்களும் தனி. கலியாணம் கட்டினால் என்ன?"

"சனம் சிரிக்குமெல்லோ?"

"சிரிக்கட்டும். என்ரை வீட்டிலை ரெண்டு பேரும் சூடா இருப்பம்."

"ஐயோ, என்ன கதை இது!" என்றாள். கன்னம் சிவந்துவிட்டது.

"ஹீட்டரைச் சொல்லுறன். இந்தப் பலெர்மோக் குளிருக்குக் காஸ் பில் என்னைக் கொல்லுது. எழுபத்தைஞ்சு தாண்டின ஆக்களுக்கு மட்டும் அரசாங்கம் கட்டுப்படுத்தின குறைஞ்ச விலையாம். எனக்கு அதுக்கு இன்னும் ஏழு வருசம் கிடக்கு. உங்களுக்குத்தான் போன மாசமே எழுபத்தாறு முடிஞ்சுதே அக்கா! வீட்டுக் காஸை உங்கடை பேருக்கு மாத்திப்போடலாம்."

அம்பிகை புதிதாகப் பூசியிருந்த லிப்ஸ்டிக்கைக் கைக்குட்டையால் துடைத்தாள். மீன் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி," என்றாள் மெதுவாக. "கலியாணம் கட்டுற வயசு எனக்கு இன்னும் வரேல்லை."