ஆஸ் ஆஃப் நவ்

ஐசியூவின் கண்ணாடிக் கதவு மூடிக்கொள்கிறது. "டாக்டரு இன்னாடி சொன்னாரு?" என்று அபிதகுசாம்பாள் மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறாள். "ஆஸ் ஆஃப் நவ் ஸ்டேபிள்னாரும்மா." "அப்டின்னா?" தேவிப்ரியா வேலை செய்யும் செய்யார் கம்பெனியில் மேனேஜரும் இப்படித்தான் சொன்னார்: ஆஸ் ஆஃப் நவ் யாரையும் நிறுத்தலை. மறு வாரம் கம்பெனி பஸ்ஸில் பாதி சீட் காலி. "இப்போதைக்கு அப்பா நல்லா கீறாராம்." முதல் வார்த்தை அம்மாவின் காதில் ஏறவே இல்லை. நூல் அறுத்துத் தழும்பேறிய விரலால் ஆரணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறாள். "பாலு, உங்க அண்ணன் நல்லா கீறாராம்!" மறுமுனையில் கொழுந்தன் குரல் உடைகிறது. "போயிட்டாருன்னு எவனோ கிளப்பிவுட்டான் அண்ணி. தறியெல்லாம் நிறுத்திட்டு தெருவே வாசல்ல குந்திகினு கீது." சாவு விழுந்த தெருவில், பிணத்தை எடுக்கிறவரை யாரும் தறியின் மிதியில் கால் வைக்க மாட்டார்கள். "அண்ணனுக்கு ஒண்ணும் இல்லியாம், தறியில போயி குந்துங்கப்பா!" என்று அவன் கத்துவது கேட்கிறது. முதலில் ஒரு தறி தட்டுகிறது, அடுத்து எதிர்வீட்டில், பிறகு தெரு முழுக்க. பினாயில் நெடியும் வெளிறிய டியூப்லைட்டுமாகக் கிடக்கும் வராந்தாவில் அந்தத் தடதடப்பு நிறைகிறது. அம்மாவின் கால்கள் அவளையறியாமல் வெறுந்தரையை மிதிக்கின்றன, சிரிக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கிறது. டாக்டர் மாஸ்க்கைக் கழற்றியபடி வந்து, தேவிப்ரியாவைப் பார்த்து இல்லையென்று மெல்லத் தலையசைக்கிறார். தேவிப்ரியா அம்மாவின் கையிலிருக்கும் போனில் சத்தத்தைக் கூட்டிவைக்கிறாள்.