நான்கு ஓட்டைகள்

ஸ்க்ரூடிரைவரால் முழு பலத்தோடு நெம்பினான். ஓட்டையை அடைத்திருந்த கறுப்புக் கட்டி அசையவில்லை.

பத்து நிமிடம்தான். பதினொரு மணிக்கு, வண்டியைச் சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார்.

காவல் நிலைய வளாகம். விபத்துக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லி ஏட்டையாவே ஆள் அனுப்பியிருந்தார். ஊரில் ஒர்க்‌ஷாப் என்றால் அவனுடையதுதான்.

கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புச் சட்டம். அதன் அடியில், தண்ணீர் வடிவதற்கென்று நான்கு ஓட்டைகள்.

இரண்டு வருடம் முன்பு இந்த வண்டியின் அடியில் கறுப்புப் பூச்சு, அண்டர்கோட்டிங், அடித்தவன் அவன்தான். துரு ஏறாமலிருக்க. ஓட்டைகளை விட்டுவிட்டு அடிக்க வேண்டும், தெரியும். ஆனால் உப்பளத்து ரோடு. லாரிகள் ஒழுக்கிக்கொண்டு போகும் உப்புத் தண்ணீர் ஓட்டை வழியாக ஏறிவிடுமே என்று கூடுதலாக யோசித்தான். நான்கையும் அதே பூச்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தான்.

கதவு வழியே இறங்கிய மழை வெளியே வரவில்லை.

வெளியே பூச்சு பளபளத்தது. உள்ளே சட்டம் துருவேறி அப்பளமானது.

டிரைவர் சீட் பெல்ட்டின் போல்ட் அந்தச் சட்டத்தில்தான். போன வெள்ளிக்கிழமை, லாரியின் பின்னால் மோதியபோது, பெல்ட் போல்ட்டோடு பிய்ந்து வந்தது.

வண்டியை ஓட்டி வந்த ஸ்டெல்லா டீச்சர் பெல்ட் போட்டுத்தான் இருந்தார்.

முதல் ஓட்டை திறந்தது. பழுப்புத் தண்ணீர் முகத்தில் கொட்டியது. உதட்டில் உப்பு.

இரண்டு. மூன்று.

நான்காவதில் அவனுடைய கட்டைவிரல் ரேகை. பத்திரத்தில் உருட்டி வைத்தது போல, ஒரு கோடு அழியாமல்.

அதையும் குடைந்து எடுத்தான். விளிம்புகளில் கிரீஸைத் தடவினான். ஈரத்தின் மேல் மண்ணை அள்ளிப் போட்டான்.

"என்ன அண்ணாச்சி, அடியிலயே குடித்தனமா? வெளிய வாங்க."

இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு குனிந்தார். ஓட்டைகளில் குச்சியை விட்டுப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"எல்லாம் தொறந்துதான் கெடக்கு. உங்க கோட்டிங்ல ஒரு குறையும் இல்ல. உப்பு ரோட்டுல ஓட்டிட்டு ஒழுங்கா கழுவாம விட்டா, யாரு என்ன செய்ய?"

டீச்சரின் கணவர் சுவரோரம் நின்றிருந்தார்.

"நாந்தான் சார். கழுவி வச்சிருக்கணும்" என்றார்.

அவன் ஜாக்கியை இறக்கினான். தப்பியாயிற்று.

இன்ஸ்பெக்டர் தன் காரின் கதவைத் திறந்தார். முன் சீட்டில் அவர் மகள், பரீட்சை அட்டையோடு.

"பெல்ட்டப் போடு பாப்பா."

க்ளிக்.

ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்ம வண்டியும் உங்க கைபட்டதுதான, அண்ணாச்சி? அதே மாசம். இன்னைக்கு வரைக்கும் ஒரு பொட்டுத் துரு கெடையாது."

அவன் வாயைத் திறந்தான்.

வண்டி நகர்ந்தது. கேட்டின் மேட்டில் ஏறி இறங்கியது.

கதவுகளுக்குக் கீழே, சட்டத்துக்குள், தண்ணீர் புரண்டது.