செவலை எடுத்த பாடம்

செவலை என்ற நாய், ஆங்கில டுடோரியல் ஒன்றின் ஜன்னலடியில் படுத்துக் கிடந்தே பாதிப் படிப்பை முடித்திருந்தது. அதில் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒருநாள் எலும்பு வாசனை பிடித்துக்கொண்டே அடுத்த தெருவுக்குள் போய்விட்டது. அந்தத் தெருவின் ஐந்து நாய்கள் உறுமிக்கொண்டு சுற்றி வந்தன. தப்பித்து ஓட ஒரு சந்து திறந்துதான் கிடந்தது. ஆனால் செவலைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கவனியுங்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருவது 'க்ளோஸ் இன்'. நகர இடமில்லாமல் நெருக்கிவிட்டால் 'ஹெம் இன்'. வேலி போட்டு அடைத்தால் 'ஃபென்ஸ் இன்'."

நாய்கள் கவனமாகத்தான் கேட்டன. கேட்டுக்கொண்டே, கருவாயன் என்ற பெரிய நாய் சந்து வாயிலில் போய் நின்றுகொண்டது.

"இப்போ இது எது, வாத்தியாரே?"

செவலை திரும்பிப் பார்த்தது. அதன் குரல் இறங்கிவிட்டது. "ஹெம் இன்."

"அடுத்து கடிக்கப் போறோமே, அதுக்கு?"

"அந்தப் பாடம் இன்னும் நடத்தலைண்ணே."

அவை நடத்திக் காட்டின.

காது கிழிந்து நொண்டிக்கொண்டு வந்த செவலையைப் பார்த்து, டுடோரியல் பூனை பதறிப்போய், "என்னாச்சு?" என்றது.

"பாடம் எடுத்தேன்," என்றது செவலை. "அஞ்சு பேருமே ரொம்பக் கெட்டிக்காரங்க."